“கன்று ஊனம், செத்தது”: பால் மாட்டின் பரம்பரைக் குறையை எப்படி எழுதி வைப்பது

திருகோணமலைப் பக்கம் மாடு வளர்ப்பவரின் கொப்பியைத் திறந்தால், ஊனமாகப் பிறந்த கன்றைப் பற்றி எழுதியிருப்பது பெரும்பாலும் மூன்றே சொல்: “கன்று ஊனம், செத்தது.” திகதி இருக்கும். சிலவேளை தாயின் காதிலக்கமும் இருக்கும். என்ன ஊனம், எந்தக் கால், தகப்பன் யார், ஊசி (செயற்கைச் சினைப்படுத்தல்) போட்டதா காளைக்கு விட்டதா, ஒன்றும் இராது. கன்றைப் புதைத்தாயிற்று, இனி எழுதி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். ஆனால் அதே குறையை உள்ளே வைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டிகளில் நல்ல மாடாக நிற்பவை எவை என்று காட்டக்கூடிய ஒரே தடயம் அந்தக் கன்றுதான். தடயமும் அதோடு குழிக்குள் போய்விடுகிறது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பால் மாடுகளில் தெரியவந்திருக்கும் பரம்பரைக் குறைகளில் பெரும்பாலானவை பின்னிடைவானவை. குறையான பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தால்தான் கன்றில் வெளிப்படும். ஒன்று மட்டும் இருந்தால் அந்த மாடு காவி. அது நன்றாக வளரும், நன்றாகக் கறக்கும், தன் கன்றுகளில் பாதிக்கு அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காவிக் காளையும் காவிப் பசுவும் சேர்ந்தால் சராசரியாக நாலு கன்றில் ஒன்று குறையோடு பிறக்கும், இரண்டு காவியாகும், ஒன்று சுத்தமாக இருக்கும்.

இப்போது ஒரு வட்டாரத்தில் பத்துப் பசுவுக்கு ஒன்று காவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு காவிக் காளையின் விந்து வந்து சேர்ந்தால், குறைக் கன்று பிறக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றின் நாலில் ஒன்று. 40 கன்றுக்கு 1. ஐந்து மாடு வைத்திருப்பவர் ஒரே காளையின் 40 கன்றைத் தன் வாழ்நாளில் காணமாட்டார். ஒன்று பிறந்தால் தலைவிதி என்பார், பிறக்காவிட்டால் அப்படியொன்று இருப்பதே தெரியாது. அதே காளையின் 400 கன்று தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், கந்தளாய், குச்சவெளி என்று பரந்து பிறந்தால் அதில் ஏறத்தாழ 10 குறையோடு இருக்கும். பத்தும் பத்து வீட்டில், பத்துக் கொப்பியில், பத்து விதமான சொல்லில். ஒருவர் “வளைஞ்ச கால்” என்று எழுதுவார், இன்னொருவர் “முடம்”, மற்றவர் “எழும்பவில்லை”. கந்தளாயில் ஒருவர் சிங்களத்தில் எழுதியிருப்பார், கால்நடை வைத்திய அலுவலகத்துப் படிவத்தில் ஆங்கிலத்தில் இன்னொரு சொல் இருக்கும். பத்தையும் கூட்டிப் பார்க்க எவராலும் முடியாது. பதிவை ஒரே முறையில் எழுதுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நம் மாகாணத்தில் மாட்டை அடையாளப்படுத்தும் பழக்கம் இல்லாமல் இல்லை. குறி சுடுவது கிழக்கில் மிகப் பழைய வழக்கம். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்திலும் குறிசுடுதலுக்கு இடம் இருக்கிறது. ஆனால் குறி சொல்வது சொந்தக்காரரை. ஒரு பட்டியின் எல்லா மாட்டுக்கும் ஒரே குறிதான். களவு போனால் கண்டுபிடிக்கலாம், பிறப்பைக் கண்டுபிடிக்க முடியாது. பிறப்பு பட்டிக்காரரின் நினைவில் இருக்கிறது. “இது கறுப்பியின் பேத்தி, அது நெற்றிச்சுட்டியின் இரண்டாம் ஈத்து” என்று தாய்வழியை மூன்று தலைமுறைக்குத் தடுமாறாமல் சொல்லும் பட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த நினைவு பெரிய சொத்து, அதை எழுத்தில் ஏற்றவேண்டும். தெரியாமல் போவது தகப்பன் வழிதான். பெரும்போகம் தொடங்கினால் மாடுகள் வயலை விட்டுக் காட்டோரத்துக்கும் மேய்ச்சல்தரைக்கும் போய்விடும். நாலு பட்டி ஒன்றாக மேயும், எந்த நாம்பன் எந்தப் பசுவோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. பின்னிடைவான குறையைப் பிடிக்க இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் போதாது.

இந்தச் சிக்கல் உலகத்தில் வேறு இடங்களில் எப்படி வெளிப்பட்டது என்று பார்த்தால் நமக்கு வழி தெரியும். ஒஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்று 1952இல் பிறந்த ஒரு அமெரிக்க ஹொல்ஸ்டீன் காளை, நாம் பிரீசியன் என்று சொல்லும் கறுப்பு-வெள்ளை இனம். அதன் வழியாகப் பரவியதுதான் பிளாட் எனப்படும் குறை. வெண்குருதிக் கலங்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியே வந்து கிருமியோடு போராட ஒரு புரதம் வேண்டும். பிளாட் கன்றில் அது வேலை செய்யாது. காரணமான விகாரம், அதாவது பரம்பரையலகில் நேர்ந்த மாற்றம், 1992இல் கண்டுபிடிக்கப்பட்டது. முழு டிஎன்ஏயில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த ஆண்டு வெளியான ஆய்வில் அமெரிக்க ஹொல்ஸ்டீன் காளைகளில் 14.1 சதவீதமும் பசுக்களில் 5.8 சதவீதமும் காவியாக இருந்தன. நாற்பது வருடம் அது கண்ணில் படாமல் நடந்திருக்கிறது. ஏன் படவில்லை? பிளாட் கன்று பார்வைக்கு ஊனக் கன்று இல்லை. நாலு காலும் சரி, கண்ணும் சரி. பிறகு வயிற்றோட்டம் வரும், நிற்கும், திரும்ப வரும். சளி பிடிக்கும். வாயில் புண், முரசு (ஈறு) வீங்கிப் பல் ஆடும். காதில் இலக்கம் குத்திய காயம் வாரக்கணக்கில் ஆறாது. வளர்ச்சி இல்லாமல் மெலிந்து, பெரும்பாலும் ஒரு வயதாகுமுன் செத்துவிடும். கொப்பியில் “கழிச்சலில் செத்தது” என்று போகும். அது பொய்யில்லை. ஆனால் அரைப் பதிவு.

எச்எச்1 என்ற ஹொல்ஸ்டீன் குறை இன்னும் மறைவானது. போனி ஃபாம் ஆர்லிண்டா சீஃப் என்ற 1962இல் பிறந்த காளை பாலைக் கூட்டியதில் பேர்பெற்றது. அதன் மரபில் வந்த ஒரு விகாரம் இரட்டையாகச் சேர்ந்தால் கரு வயிற்றிலேயே இறந்துவிடும். உலகம் முழுவதும் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட கருச்சிதைவுகளுக்கு அது காரணம் என்று 2016இல் மதிப்பிட்டார்கள். பண்ணையில் கண்ணால் பார்க்க ஒரு கன்றுகூட இராது. “ஊசி பிடிக்கவில்லை” என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஜேர்சியில் ஜேஎச்1 இதே மாதிரி. நம் பகுதியில் கலப்பு மாடு என்றால் ஜேர்சி, பிரீசியன், சாகிவால், பிரீசியனும் சாகிவாலும் கலந்த அவுஸ்திரேலிய இனம் என்று இரத்தம் பல வழியில் வந்து சேர்ந்தது. பிரீசியன் இரத்தம் உள்ள இடமெல்லாம் பிரீசியனின் குறையும் வரக்கூடும். இந்தியாவின் கலப்பு மாடுகளிலும் பிளாட் காவிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அங்கே உறைவிந்து நிலையங்களுக்கான தர விதிகள் பிளாட், சிற்றுலினீமியா (இரத்தத்தில் அமோனியா தேங்கிக் கன்று சாகும் குறை), டம்ப்ஸ் (கரு வளராமல் அழியும் குறை), இரத்தம் உறையும் 11ஆம் காரணியின் குறைபாடு ஆகிய நான்குக்கும் காளையைச் சோதிக்கச் சொல்கின்றன.

சோதனை வந்ததும் அடுத்த குழப்பம் தொடங்கியது: முடிவை எப்படி எழுதுவது? பழைய அமெரிக்க முறையில் பிளாட் காவிக்கு “பிஎல்”, சோதித்துச் சுத்தம் என்றால் “டிஎல்” (TL). சிவிஎம் என்ற முள்ளந்தண்டுக் குறைக்கு “சிவி”, “டிவி” (TV). ஒவ்வொரு குறைக்கும் இரண்டு எழுத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். எந்த எழுத்து கெட்டது, எது நல்லது என்று பார்த்த உடனே தெரியாது. நாட்டுக்கு நாடு வேறுபாடு வேறு. பிறகு உலக ஹொல்ஸ்டீன் பிரீசியன் கூட்டமைப்பு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தது. குறையின் பெயருக்கு இரண்டு எழுத்து, மூன்றாவது எழுத்தாக எஃப் என்றால் சோதித்ததில் சுத்தம், சி என்றால் காவி, எஸ் என்றால் இரண்டு பக்கமும் குறை. “பிஎல்எஃப்”, “பிஎல்சி”, “பிஎல்எஸ்”. குறையின் பெயர் தெரியாதவருக்கும் கடைசி எழுத்து விளங்கும். குறையின் பெயரில் தடுமாற்றம் வராமல் இருக்க சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஓமியா தரவுத்தளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குறைக்கும் ஆறு இலக்க எண்ணும், மாட்டினத்துக்கு 9913 என்ற எண்ணும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். பிளாட்டுக்கு 000595-9913. எந்த மொழியில் பெயர் எழுதினாலும் எண் மாறாது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் புழங்கும் நம் மாவட்டத்துக்கு இது கைமேல் கிடைத்த வசதி.

விலங்குப் பதிவுகளுக்கென்று 1951 முதல் இயங்கும் சர்வதேச அமைப்பு ஐகார். இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தையும் ஐகார் என்றே சொல்வார்கள், அது வேறு, குழம்ப வேண்டாம். இப்படியான அமைப்புகளின் வேலையை நாம் அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது. அங்கே ஒவ்வொரு மாட்டுக்கும் பிறப்புப் பதிவு இருக்கிறது. நமக்குக் கீழிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. குறியீட்டை எடுக்கலாம், குறியீட்டுக்கு முன்னால் இருக்கவேண்டிய வரியை நாம்தான் எழுதவேண்டும்.

அந்த வரியில் முதல் விதி: கண்டதையும் முடிவையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். கண்டது ஒரு கட்டம், முடிவு வேறு கட்டம். கன்று பிறந்த அன்று நிரப்புவது முதல் கட்டம் மட்டும். இரண்டாவது, மிருக வைத்தியர் பார்த்த பிறகோ சோதனை முடிவு வந்த பிறகோ. முதல் நாளே “பரம்பரைக் குறை” என்று எழுதினால் அது ஊகம். பிறகு படிப்பவருக்கு ஊகமும் உண்மையும் ஒன்றாகத் தெரியும், நீங்கள் உண்மையில் கண்டது என்ன என்பது போய்விடும்.

கண்டதை எழுதுவதற்கு நம் சொற்களே போதும், பொதுச்சொல்லை மட்டும் தவிர்க்க வேண்டும். “காலில் ஊனம்” என்பதில் ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: “முன்னங்கால் இரண்டும் முழங்கால் மூட்டில் உள்நோக்கி மடங்கியிருக்கிறது. கையால் நீட்டினால் நீளவில்லை. குளம்புக்கு மேல் மூட்டும் மடங்கியிருக்கிறது. பின்னங்கால் சரி. கழுத்து கட்டையாக இருக்கிறது. உடம்பு சிறிது. ஒன்பது மாதம் ஆகுமுன் விழுந்தது, செத்துப் பிறந்தது.” நாலு வரி. இதைப் படிக்கும் வைத்தியர் உடனே சிவிஎம்மை நினைப்பார், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மடங்குவதும் கட்டைக் கழுத்தும் அதன் அடையாளம். “இரண்டு பக்கமும்” என்ற சொல்தான் இங்கே கனமானது. அது இல்லாவிட்டால் வயிற்றில் இடம் போதாமல் ஒரு கால் மடங்கிய கன்றும் இதுவும் ஒன்றாகிவிடும்.

தலையிலிருந்து வாலுக்கு என்று ஒரே வரிசையில் பார்ப்பது நல்லது, வரிசை மாறினால் ஏதாவது விடுபடும். தலை வீங்கியிருக்கிறதா, தாடை கட்டையா. வாயைத் திறந்து விரலால் அண்ணத்தைத் தடவிப் பாருங்கள். பிளவு இருந்தால் பால் மூக்கால் வரும், ஆனால் செத்துப் பிறந்த கன்றில் தடவித்தான் தெரியும். கண் வெண்மையா, சிறிதா. முள்ளந்தண்டு வளைவு. தொப்புளில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் எத்தனை விரல் என்று எழுதுங்கள். மலவாய் திறந்திருக்கிறதா. நாம்பன் என்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா. ரோமம் முழுவதுமா, திட்டாகவா. குளம்பு ஒவ்வொரு காலிலும் பிளந்திருக்கிறதா, ஒன்றாக ஒட்டியிருக்கிறதா, ஒட்டியிருந்தால் எந்தக் கால். ஒற்றைக் குளம்புக் குறை பெரும்பாலும் முன் வலக்காலில் தொடங்கும், அதனால் “ஒரு காலில் மட்டுந்தானே” என்று விட்டுவிடக் கூடாது. கைத்தொலைபேசியில் நாலு படம்: இடப்பக்கம், வலப்பக்கம், முகம், குறை உள்ள இடம் அருகில். படத்துக்குள் தாயின் காதிலக்கம் எழுதிய துண்டு ஒன்றை வையுங்கள். இலக்கம் இல்லாத படம் மூன்று மாதத்தில் யாருடைய கன்று என்று தெரியாத படமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. விழுந்த கருவையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கருச்சிதைவுக்குப் புரூசெல்லா என்ற கிருமியும் காரணமாகலாம், அது மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் பையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். நாய்க்கும் எட்டவிடாதீர்கள்.

பிறவிக் குறை எல்லாம் பரம்பரைக் குறை இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. சினை மாட்டை நுண்ணிய கடி ஈக்கள் கடித்து அக்கபானே வைரசு தொற்றினால், நாலைந்து மாதம் கழித்துப் பிறக்கும் கன்று மூட்டு மடங்கி, சிலவேளை மூளை வளராமல் வரும். பார்வைக்குப் பரம்பரைக் குறை மாதிரியே இருக்கும். வயிற்றோட்ட வைரசு சினையின் நடுப்பகுதியில் தாக்கினால் கன்று தலையாட்டத்தோடு நிற்க முடியாமல் பிறக்கும். மலவாய் மூடியிருப்பதற்குப் பரம்பரையும் காரணமாகலாம். ஆனால் குடலின் ஒரு பகுதி இல்லாமல் பிறப்பது, சினையாகி 42 நாளாகுமுன் கையை விட்டுச் சினை பார்க்கும்போது கருப்பையை அழுத்துவதோடு தொடர்புபட்டதாகவும் காணப்பட்டிருக்கிறது. ஆகவே சினை பார்த்த திகதியும் பதிவில் வேண்டும். நாம்பனோடு இரட்டையாகப் பிறந்த பசுக்கன்று பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகும். வயிற்றுக்குள் இரண்டின் இரத்தமும் கலந்ததால் வந்த விளைவு அது, தாயின் பரம்பரை கெட்டதல்ல. நல்ல தாயை இதற்காக விற்றுவிடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம். “இரட்டை, மற்றது நாம்பன்” என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் அந்தப் பசு தப்பியிருக்கும்.

இதையெல்லாம் பிரித்துக் காட்டுவது ஒரு கன்றின் உடம்பு அல்ல, பல பதிவுகளின் அமைப்பு. ஒரே பருவத்தில், அடுத்தடுத்த பட்டிகளில், வெவ்வேறு காளைகளின் கன்றுகள் ஒரே குறையோடு பிறந்தால் வைரசையோ தீனியையோ தேடுங்கள். வெவ்வேறு மாதங்களில், தூரத்துத் தூரத்து ஊர்களில், ஒரே காளையின் கன்றுகளில் அதே குறை வந்தால், அதுவும் அந்தத் தாய்மாருக்கும் அந்தக் காளைக்கும் பொதுவான ஒரு முன்னோர் இருந்தால், பரம்பரையைத் தேடுங்கள். அதற்குத் தேவை மூன்று: திகதி, இடம், தகப்பன். மூன்றும் எழுத்தில் இலகுவாகத் தெரியும், நடைமுறையில் மூன்றிலும் சறுக்கல் உண்டு.

திகதியை எடுங்கள். பட்டிக்காரர் “ஐப்பசி நடுவில்” என்பார். நம் பேச்சில் ஐப்பசி என்பது ஒக்டோபரையும் குறிக்கும், பஞ்சாங்க ஐப்பசியையும் குறிக்கும். இரண்டுக்கும் அரை மாத இடைவெளி இருக்கிறது. கிண்ணியாவில் சிலர் நோன்பையும் பெருநாளையும் வைத்துச் சொல்வார்கள். சொன்னதை அப்படியே குறித்துவிட்டு, அன்றே வருடம்-மாதம்-நாள் என்ற ஒழுங்கில் எண்ணாக மாற்றுங்கள்: 2025-10-17. 03/04 என்று எழுதினால் மார்ச் 4 என்றும் ஏப்ரல் 3 என்றும் படிக்கலாம். அரை மாதப் பிழை ஏன் பெரிதாகிறது? தகப்பனைத் தீர்மானிப்பதே நாட்கணக்கில்தான். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள், சாகிவால் இரத்தம் கூடினால் ஒரு வாரம் வரை நீளும். 2025 ஜனவரி 10இல் ஊசி போட்ட மாடு ஒக்டோபர் 17ஐ ஒட்டி ஈன்றால் கன்று ஊசியின் கன்று. நவம்பர் 7இல் ஈன்றால் 301 நாள். ஊசி பிடிக்காமல் 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்து, பட்டிக் காளையோடு சேர்ந்திருக்கிறது. கொப்பியில் ஊசித் திகதி மட்டும் இருப்பதால் அந்தக் கன்று ஊசிக் காளையின் பெயரில் ஏறிவிடும். இப்படி இரண்டு கன்று ஏறினால் சுத்தமான காளையின் மேல் பழி விழும், உண்மையான காவி பட்டிக்குள்ளேயே மேய்ந்துகொண்டிருக்கும்.

தகப்பன் கட்டத்தில் நான் பரிந்துரைப்பது மூன்று வகை: “ஊசி, திகதி பொருந்துகிறது”, “பட்டிக் காளை, இன்னது”, “தெரியாது”. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது மதிப்பான பதிவு. ஊகித்து ஒரு பெயரைப் போடுவது பதிவு இல்லாததைவிட மோசம். ஊசி என்றால் விந்துக் குழாயில் அச்சிட்ட முழு எழுத்தும் எண்ணும் வேண்டும். காளையின் பெயர் மட்டும் போதாது, பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இதற்கு மிக எளிய வழி, ஊசி போட்டு முடிந்ததும் வெறும் குழாயைக் கழுவித் துடைத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவது. எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. திரவ நைதரசனில் கிடக்கும் விந்து பத்தாண்டுக்கணக்கில் கெடாது. காளை செத்த பிறகும், அதன் குறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் பழைய குழாய் எங்காவது இருக்கலாம். ஆகவே இந்த ஒட்டிய குழாய் பத்து வருடம் கழித்தும் பேசும்.

சர்வதேச முறையில் ஒரு மாட்டின் முழு அடையாளம் 19 எழுத்து: இனத்துக்கு மூன்று, நாட்டுக்கு மூன்று, ஆணா பெண்ணா என்பதற்கு ஒன்று, பிறகு 12 இலக்க எண். இதைக் கணினியில் ஏற்றும்போது எக்செல் செய்யும் அநியாயம் ஒன்று இருக்கிறது. எண்ணின் முன்னால் இருக்கும் பூச்சியங்களை அது தானாக வெட்டிவிடும், நீண்ட எண்ணைச் சுருக்கித் தசமத்தில் காட்டும். சேமித்து மூடிய பிறகு பூச்சியம் திரும்பி வராது. எண் ஏற்றும் நிரலை முதலிலேயே எழுத்து வகை என்று மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மாதிரி எடுப்பதை யாரும் பெரிய வேலையாக எண்ண வேண்டியதில்லை. கன்றின் காதுநுனியில் அரை சென்ரிமீற்றர் துண்டு, அதைப்போலப் பத்து மடங்கு எதனோலில். 95 சதவீதம் நல்லது, 70 சதவீதமும் பரவாயில்லை. ஃபோர்மலின் வேண்டாம், அது டிஎன்ஏயைக் கெடுத்துவிடும். குப்பிக்கு வெளியே மார்க்கரால் எழுதினால் அல்ககோல் பட்டு அழியும். பென்சிலால் கடதாசித் துண்டில் எழுதிக் குப்பிக்குள் போடுங்கள். தாயிடம் வால் குஞ்சத்திலிருந்து 30, 40 மயிரை வேரோடு பிடுங்குங்கள். வெட்டக் கூடாது, சோதனைக்கு வேண்டியது வேரில் இருக்கிறது. கடதாசி உறையில் போட்டுக் காய்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் போட்டால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். தாயின் மாதிரியை அன்றே எடுத்துவிடுங்கள், அடுத்த மாதம் அது கைமாறியிருக்கும். இரட்டைக் கன்று என்றால் இரத்தத்தை நம்ப வேண்டாம். இரண்டின் கலங்களும் கலந்திருக்கும், ஒன்றின் முடிவு மற்றதன் பெயரில் வரும். மயிரோ காதுத் துண்டோதான் சரி.

முடிவு வந்தால் எப்படிக் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். விகாரத்தை நேரே பார்த்த சோதனையா, அதைச் சூழ்ந்த டிஎன்ஏத் துண்டை வைத்துச் செய்த ஊகமா, பெற்றோரை வைத்துக் கணித்ததா. 2015இல் தெரியவந்த கொலஸ்ரரோல் குறைபாடு இதற்கு நல்ல பாடம். மோக்லின் ஸ்டோர்ம் என்ற கனேடியக் காளையின் வழியில் வந்த குறை அது. அந்தக் காளையின் முன்னோரிடம் அதே டிஎன்ஏத் துண்டு விகாரம் இல்லாமலே இருந்தது. துண்டை மட்டும் பார்த்தவர்கள் சுத்தமான மாடுகளையும் காவி என்று கணக்கிட்டார்கள். விகாரத்தை நேரே பார்க்கும் சோதனை வந்த பிறகுதான் பிரிக்க முடிந்தது. அமெரிக்கப் பதிவில் 0 என்றால் இல்லை, 1 காவி, 2 இரட்டைக் குறை, 3 காவி என்ற சந்தேகம், 4 இரட்டைக் குறை என்ற சந்தேகம் என்று பிரித்தது இந்தச் சங்கடத்துக்காகத்தான்.

எல்லாவற்றிலும் நான் மிக அழுத்திச் சொல்வது வெற்றுக் கட்டத்தைப் பற்றி. ஒரு காளையின் அட்டையில் சிவிஎம்முக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. வாங்குபவர் அதைக் “குறை இல்லை” என்று படிக்கிறார். உண்மையில் அது “சோதிக்கவில்லை”. காளை ஒன்று காவி இல்லை என்பதைக் கன்றுகளை வைத்தே உறுதிசெய்ய வேண்டுமென்றால், காவி என்று தெரிந்த 16 பசுக்களுக்கு அதைச் சேர்த்து 16 கன்றும் குறையில்லாமல் பிறக்க வேண்டும். அப்போதுதான் நூற்றுக்கு 99 பங்கு நம்பலாம். சொந்த மகள்களோடு சேர்த்தால் 35 கன்று வேண்டும். ஊரில் பத்துக் கன்று நன்றாகப் பிறந்தது என்பது சான்றே இல்லை. ஆகவே பதிவில் எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது. சோதிக்காவிட்டால் “சோதிக்கவில்லை” என்று முழுச் சொல்லாக எழுதுங்கள், கோடு போடாதீர்கள். கோட்டை ஒருவர் “இல்லை” என்பார், இன்னொருவர் “சுத்தம்” என்பார்.

காவி என்று தெரிந்த பசுவை இறைச்சிக்கு விற்க வேண்டியதில்லை. அதன் பால் பால்தான், அதன் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுத்தமான காளையின் விந்தைப் போட்டால் கன்றுகளில் பாதி காவியாகலாம், குறையோடு ஒன்றும் பிறக்காது. தவிர்க்க வேண்டியது காவியோடு காவி சேர்வதை மட்டும். இதை மாடு வளர்ப்பவருக்கு முதலில் விளங்கவைக்காமல் பதிவு கேட்டால் கிடைக்காது. ஊனக் கன்று போட்ட மாடு என்று பேர் பட்டால் விலை பாதியாகும், தோஷம் என்று சொல்வாரும் உண்டு. இரவோடிரவாகப் புதைப்பதற்கு அதுதான் காரணம். எனவே ஊரில் சுற்றும் பட்டியலில் சொந்தக்காரர் பெயர் இருக்கக்கூடாது. இலக்கம் போதும், பெயரும் இலக்கமும் சேர்ந்த கொப்பி கால்நடை வைத்திய அலுவலகத்தில் பூட்டியிருக்கட்டும்.

பிறகு திருத்தம். முதலில் “வைரசாக இருக்கலாம்” என்று முடிவுக் கட்டத்தில் எழுதியது, ஆறு மாதம் கழித்துச் சோதனையில் வேறாக வரலாம். பழையதை அழிக்காதீர்கள், வெள்ளை மையும் பூசாதீர்கள். படிக்கக்கூடியதாக ஒரே ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் புதியதையும் திகதியையும் எழுதியவரின் கையொப்பத்தையும் வையுங்கள். முதல் கட்டத்தில், கன்று பிறந்த அன்று எழுதிய “கண்டது” என்ற அந்த நாலு வரியில் மட்டும் ஒருவரும் கைவைக்கக் கூடாது.